என் டாக்சியும் மாப்பிள்ளையின் மைக்கும்

என் தங்கை சந்திரமதியின் புருஷனை நேரில் பார்த்தால் "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்லுவேன். மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் இதை எழுதும்போது அவன் என்றுதான் எழுதப்போகிறேன். வாயால் கொடுத்த மரியாதையே அவனுக்கு அதிகம்.

மாணிக்கவாசகம் பண்டார் ஹிலிரில் ஒரு ரேடியோ கடையில் மூன்று வருஷம் இருந்தான். என்ன வேலை என்று கேட்டால் "டெக்னிக்கல் சைடு" என்பான். புது ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, வாங்கியவரின் காரில் ஏற்றிவிடுவதுதான் அந்த டெக்னிக்கல் சைடு. அங்கே காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டைப் பிடித்து, "மாணிக்கம், ரேடியோ எஞ்சினியர்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மலாயிலும் பலகை மாட்டினான். மூன்று மொழியிலும் பொய்.

ரேடியோவைப் பழுதுபார்த்தது என் தங்கை. எங்கள் அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பால் வாளிகளுக்கு ஈயம் பற்றவைத்தவர். எனக்குச் சூடு என்றாலே பயம், அதனால் கார் ஓட்டப் போய்விட்டேன். சந்திரமதி பத்து வயதிலேயே ஒழுகாத வாளி பற்றவைப்பாள். வாளித் தகரத்துக்குத் திராவகம் தடவலாம், மெல்லிய செம்புக் கம்பிக்குத் தடவினால் சில மாதத்தில் பச்சை பூத்து அறுந்துபோகும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். வயலின் வில்லில் தேய்க்கிற பிசின் கட்டியைத்தான் கம்பிக்கு வைத்துக்கொள்வாள். ரேடியோ மூடிகளின் உட்புறம் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்தே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படித்துவிட்டாள்.

முன்கட்டில் இவன் வாடிக்கையாளரிடம் பேசுவான். பெட்டி பின்கட்டுக்குப் போகும். செம்புத்தலைக் கோலை அடுப்பில் சூடாக்கி, சோறு வெந்து இறங்குவதற்குள் அவள் விட்டுப்போன இணைப்பைக் கண்டுபிடித்துப் பற்றவைத்துவிடுவாள். மறுநாள் ஆள் வந்ததும், "ரொம்பச் சிக்கலான கேசுங்க, நேத்து பூரா உட்கார வச்சிடுச்சு," என்று நெற்றியைத் துடைப்பான். வேர்வையே இருக்காது.

ஐம்பத்தைந்தில் தேர்தல் வந்தது. ஊரெங்கும் கூட்டம், எல்லாருக்கும் மைக் கட்டிய கார் வேண்டும். இவன் எங்கேயோ போய் ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஆம்பிளிஃபயர் ஒன்றையும், இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் வாங்கி வந்தான். கார் மட்டும் இல்லை.

"மச்சான், உங்க மோரிஸ் இருக்கே," என்றான்.

"காலையிலும் ராத்திரியும் தம்பின் டவுனுக்குச் சவாரி இருக்குங்க மாப்பிள்ளை. வண்டி டாக்சியா ஓடணும்."

"அதனால என்ன? சாயந்திரம் மாட்டுவோம், முடிஞ்சதும் கழட்டுவோம். எனக்குச் சுண்டைக்கா வேலை."

முதல் கூட்டம் செமாபோக்கில், அதைத் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனோம். கம்பியைக் கம்பியோடு முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தான். பற்றவைத்த ஒன்றிரண்டு இடத்திலும் திராவகம்தான் தடவியிருந்தான், அவசரத்துக்கு ஈயம் சீக்கிரம் பிடிக்கும் என்று. "அன்பார்ந்த வாக்காளப் பெரு" என்று போகும், குழி வரும், சத்தம் நின்றுவிடும். அடுத்த குழியில் "களே!" என்று கத்தும். சாலையோரம் கறி வாங்கிக்கொண்டு நின்ற பெண்கள் சிரித்துக் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சடக்கு சரியில்ல, ரோடு பூரா குழி," என்றான். கழட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. தம்பின் சவாரிக்காரர்கள் வேறு வண்டியில் போய்விட்டார்கள்.

நான் அன்று கோபத்தோடு பின்கட்டுக்குப் போனேன். சந்திரமதி கம்பிகளில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தாள். அறுந்த முனைகளைக் கையில் வைத்துப் பார்த்தாள். பச்சை பூக்கக்கூட அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அண்ணே, நாளைக்கு வண்டியை மத்தியானம் இங்க விடுங்க," என்றாள்.

அவளிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கெட்டுப்போன வால்வுகள், ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரிபவை, இருந்தன. மூன்றை எடுத்துத் துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்தாள். அடியில் கறுப்பு மூடியும் அதில் கால்களும் மிஞ்சின. அந்தக் கால்கள் உள்ளே குழலாக இருக்கும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் கம்பியை விட்டு, நுனியில் கோலை வைத்து, ஒரு சொட்டு ஈயம் இறக்கினாள். அது குளிர்கிறவரை மூச்சைக்கூட விடவில்லை. குளிரும்போது கம்பி அசைந்தால் மேலே ஒட்டினாற்போல இருக்கும், உள்ளே பிடித்திருக்காது என்றாள். மைக்குக்கு ஐந்து கால், ஸ்பீக்கருக்கு நாலு கால், பேட்டரிக்கு எட்டுக் கால். ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியாது. எட்டுக்கால் பிளக்கின் நடுவில் ஒரு முளை, முளையில் ஒரு பல். அந்தப் பல் சாக்கெட்டின் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் பிளக் இறங்கும். நாலு காலில் சிவப்புக் கம்பி, நாலு காலில் கறுப்பு.

"பேட்டரிப் பக்கம் கால் வரக்கூடாது அண்ணே, துளைதான் வரணும்," என்று சாக்கெட்டை என் டாக்சியில் ஸ்டியரிங்குக்குக் கீழே திருகினாள். "கழட்டிப் போட்டப்புறமும் அதுல கரண்டு இருக்கும். காலா இருந்தா இரும்புல பட்டுத் தீப்பிடிக்கும்." வழியில் ஒரு ஃபியூசும் வைத்தாள்.

அதற்குப் பிறகு மாட்ட ஐந்து நிமிஷம், கழட்ட மூன்று நிமிஷம். இரண்டு வருஷம் எந்தக் குழியிலும் சத்தம் நிற்கவில்லை. துக்காங் எமாஸ் தெருவில் டீ குடிக்கும் இடத்தில் மாணிக்கவாசகம் அந்த மூன்று பிளக்கையும் மேசைமேல் வைத்து, "நானா யோசிச்சு டிசைன் பண்ணது," என்று பீற்றிக்கொண்டதை என் காதால் கேட்டேன். என் டீயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட் முப்பத்தொன்று, மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த நாள். காஜா பெராங் வாலிபர்கள் ஒரு லாரியை அலங்கரித்து பண்டார் ஹிலிர் வரை ஊர்வலம் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்னால் எங்கள் மைக் கார். வாலிபர் சங்கத்துச் செயலாளர் அப்பாசாமி காலை ஏழு மணிக்கே கொடியோடு வந்து நின்றார். முந்நூறு பேர் இருப்பார்கள். சந்திரமதியும் புதுப் புடவையில் பெண்களோடு நின்றாள்.

வழக்கமாக அவள் மாட்டிக் கொடுப்பாள். அன்று இத்தனை பேர் பார்க்கும்போது ஒரு பெண் குனிந்து பிளக் மாட்டுவதா? "நீ போய் நில்லு, நான் பாத்துக்கறேன்," என்று இவன் முன்சீட்டில் ஏறினான். எட்டுக்கால் பிளக்கை வைத்துத் திருப்பினான். இறங்கவில்லை. பல்லைப் பள்ளத்தில் பொருத்த ஒரு வினாடி பொறுமை வேண்டும். அப்பாசாமி, "ஆச்சா எஞ்சினியர்?" என்று கேட்டுவிட்டார். உடனே இவன் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து அந்தப் பல்லைக் கடித்துப் பிய்த்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏங்க மாப்பிள்ளை," என்றேன். "உங்களுக்குத் தெரியாது மச்சான்," என்றான்.

பல் போனதும் பிளக் எப்படி வேண்டுமானாலும் இறங்கும். இறங்கியது. சிவப்பும் கறுப்பும் இடம் மாறித் தொட்டு, சட்டென்று ஃபியூஸ் போனது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து ஃபியூசில் சுற்றி, பிளக்கை இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தினான். ஆம்பிளிஃபயருக்குள் ஏதோ வெடித்தது. மெழுகு எரிகிற நாற்றமும் புகையும் என் டாக்சி முழுக்க. நான் ஓடிப்போய் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

கூட்டம் காரைச் சுற்றி நெருங்கியது. அப்பாசாமி முகம் வெளுத்து, "என்னங்க இது, இன்னைக்குப் போயி?" என்றார்.

இவன் காரிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்: "நான் என்ன செய்ய? பிளக்கெல்லாம் வீட்டுல பொம்பளை பத்தவச்சது. அவ கைவேலை இவ்வளவுதான்."

இரண்டு வருஷமாக ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளாத உண்மையை, பழி போட வேண்டிய நேரத்தில் முந்நூறு பேர் முன்னால் கக்கிவிட்டான். அந்த நிமிஷம் அவனை அடித்திருப்பேன். கை எரிந்துகொண்டிருந்தது.

சந்திரமதி பெண்கள் நடுவிலிருந்து வந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை. காருக்குள் கையை விட்டுப் பிளக்கை உருவி அப்பாசாமியின் கையில் வைத்தாள்.

"நான் பத்தவச்சதுதான். இழுத்துப் பாருங்க, ஒரு கம்பி வருதான்னு."

அப்பாசாமி இழுத்தார். வரவில்லை.

"நடுவுல ஒரு பல் இருந்துச்சு. இப்ப இல்ல. அது எங்க போச்சுன்னு அவரைக் கேளுங்க." பிறகு குனிந்து, சீட்டின் அடியில் கிடந்த கறுப்புத் துண்டைத் தேடி எடுத்து, அதையும் அவர் கையில் வைத்தாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். மாணிக்கவாசகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"வாய் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "மைக் இல்லாமலே கத்துங்க. ஊர்வலம் நிக்கக்கூடாது."

கத்தினான். வேறு வழியில்லை. அவனுடைய தொண்டை பெரியது, அதை நான் மறுக்கமாட்டேன். காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் திடல் வரை லாரிக்கு முன்னால் வெயிலில் நடந்துகொண்டே கத்தினான். ஜனங்கள் திருப்பிக் கத்தினார்கள். சுதந்திரம் அவனுக்காக நிற்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது.

மறு வாரம் அப்பாசாமி நேராகப் பின்கட்டு வாசலுக்கு வந்து, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். ஜாசினிலிருந்து ஒரு தொழிற்சங்கத்துக்காரர் தன் காரையே கொண்டுவந்து நிறுத்தினார். வெந்த ஆம்பிளிஃபயரை அவள் ஒரு மாதத்தில் எழுப்பிவிட்டாள். இவன் முன்கட்டில் உட்கார்ந்து, மெர்டேக்கா அன்று மைக்கே இல்லாமல் ஊர்வலம் நடத்தியது தான்தான் என்று வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஏம்மா, இந்த மனுசனை எப்படித்தான் வச்சுக் காலந்தள்ளுற? ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டேங்கற."

அவள் கோலின் நுனியை ஈரத்துணியில் துடைத்தாள். புஸ்ஸென்று ஆவி வந்தது.

"திட்டுற நேரத்துல ரெண்டு பிளக் முடிச்சிடுவேன் அண்ணே. நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."