சிரிக்காமல் ஒரு படம்

கொரோனாவால் சிங்கப்பூர் எல்லை மூடியிருந்த காலம். மலேசியாவின் ஸ்கூடாயில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தார். அக்கரையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த கணவர் ஊர் திரும்ப முடியவில்லையாம். அவருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றார்.

“கொஞ்சம் சிரிங்கக்கா,” என்றேன்.

“வேணாம் லா. வீடியோ கால்ல சிரிச்சு சிரிச்சே அலுத்துப்போச்சு. இருக்கிற மாதிரியே எடுங்க.”

எடுத்தேன். கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தையும் அழிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அனுப்பினார். உடனே கணவர் வீடியோ காலில் அழைத்தார். “நானும் இப்படித்தான் இருக்கேன்மா,” என்றார். இருவரும் அழுதார்கள்.

கடையில் வருமானமே இல்லாத நிலையிலும், எல்லாம் சரியாக இருப்பதாகவே வீட்டில் சொல்லி வந்தவன் நான். அன்று மனைவியிடம், “என்னால முடியல,” என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவளிடம் ஏன் மறைத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.