அவள் திரும்பிப் பார்க்காத காட்சி

என் மகளும் நானும் ஒரே நாவலுக்குப் பைத்தியமானவர்கள். ஜப்பானிய நாவல். தமிழ் மொழிபெயர்ப்பில்தான் படித்தோம். அட்டைப் படம் பிடித்துப்போய் சேலம் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம். அங்கே ஓர் அப்பாவும் பன்னிரண்டு வயது மகளும் மட்டும் இருக்கிறார்கள். தினமும் எவ்வளவு பனி பெய்தது என்று அளந்து கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கால் முறிந்துவிட, வேலை முழுக்கச் சிறுமியின் தலையில் விழுகிறது. ஒரு நாள் காலையில் அளவுகோலைப் பனியில் அப்படியே நட்டுவிட்டு அவள் மலையிலிருந்து இறங்கத் தொடங்குகிறாள். உதவி கேட்டுப் போகவில்லை. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். அவள் இறங்குகிற அத்தியாயத்தை மட்டும் நாங்கள் எத்தனை முறை படித்திருப்போம் என்று கணக்கில்லை. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத எங்களுக்கு அந்த மலை மனப்பாடம்.

அந்த நாவல் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக வரப்போகிறது என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். வெளிவந்தபோது அவள் வீட்டில் இல்லை. நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ சேர்த்திருந்தோம். அங்கே போன் கூடாது, பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கூடாது. துணிகளுக்கு நடுவே அவள் வைத்திருந்த நாவலை, சேர்த்த அன்றே வார்டன் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வாரா வாரம் நான் பார்ப்பது, மாதம் ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கப் போகும்போது கதையாகச் சொல்வது.

அந்த ஞாயிறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளி மைதானத்து மரங்களின் அடியிலெல்லாம் போர்வைகள் விரிந்திருக்கும். ஒவ்வொரு போர்வையிலும் ஒரு குடும்பம், ஒரு ஹாட்பேக், நடுவில் சீருடையில் ஒரு பிள்ளை. மீசை முளைத்த பையன்களுக்குக்கூட அம்மாக்கள் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். நான் சோற்றைப் பிசைந்தபடி பனிமலையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"அந்தப் புள்ளையோட குரல் நம்ம நெனச்சதவிடக் கட்டையா இருக்குது சாமி. ஆனா ரெண்டாவது வாரத்துலயே பழகிப்போச்சு. இனி புஸ்தகத்தப் படிச்சாலும் அந்தக் குரல்லதான் கேக்கும்."

"பனி எப்படிங்மா வரைஞ்சிருக்காங்க?"

"வெள்ளையே இல்ல. விடியக்காலைல நீலம். சாயங்காலம் ஆரத்தித் தண்ணி நெறம்."

"அந்த அப்பா?"

"ரொம்பச் சின்ன வயசு. தாடி வேற."

"தாடியா? ச்சீ!"

பக்கத்துப் போர்வையில் ஆத்தூரிலிருந்து வரும் ஓர் அம்மா. அவர் தம் மகனுக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பியே உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, இது எந்த டிவியில போடறாங்க? எல்லா சீரியலும் பாக்கறேன், இதைக் காணோமே?"

"அம்மா, அது கார்ட்டூன்மா," என்றான் மகன்.

"கார்ட்டூனுக்காடா இந்தம்மா கண்ணு கலங்குது?"

அடுத்த மாதம் நாங்கள் போர்வையை விரிப்பதற்குள்ளேயே அவர் கேட்டார்: "அந்த அப்பனுக்குக் காலு கூடுச்சா?"

மலையிலிருந்து இறங்கும் பகுதி அதற்குப் பிறகு வந்தது. நாவலில் அவள் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நிலையத்தின் ஜன்னலைப் பார்ப்பாள். வளைவுக்கு வளைவு ஜன்னல் சிறிதாகிக்கொண்டே போய்த் தீப்பெட்டி அளவாகி, பிறகு காணாமல் போகும். அந்த இடத்தை மட்டும் நான் எப்போதும் இரண்டு முறை படிப்பேன். தொடரில் அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. முதுகு மட்டும்தான். பேச்சில்லை, இசையில்லை. பனியில் கால் புதையும் சத்தமும், கீழே கீழே போகிற ஒரு சிவப்புக் குல்லாயும். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்தக் கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

"கெடுத்துட்டாங்க சாமி. திரும்பியே பாக்கல."

அவள் வாயருகே வந்த கவளத்தைக் கையால் தடுத்தாள். "மொகத்தையே காட்டலீங்ளா?"

"முதுகுதான்."

"அது நல்லாத்தானுங்மா இருக்கும்? போறவ எதுக்குத் திரும்பிப் பாக்கோணும்?"

"பின்னாடி யாராச்சும் வாராங்களான்னு பாக்காம ஒரு புள்ள எப்படிப் போகும்?"

"வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும் திரும்பத்தான் செய்வா. அதுதான கதையே."

"உங்களுக்குப் புஸ்தகத்துல இருக்கறது ஒண்ணு மாறக்கூடாது," என்றாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. விடாமல் பேசினேன். ஆத்தூர் அம்மா குறுக்கே வந்து, "கதை இருக்கட்டும், மொதல்ல அந்தப் புள்ளைய சாப்பிட வையுங்க. எளைச்சிருக்குது," என்றார். அப்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பார்த்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாங்கள் கதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம், வேலை நாளில், தெரியாத எண்ணிலிருந்து போன்.

"ஏனுங்க, உங்க புள்ள எங்க பேக்கரில உக்காந்திருக்குதுங்க. ராசிபுரம் ரோடு பிரியற எடமுங்க. பயந்துக்காதீங்க, நல்லா இருக்குது, பன்னு சாப்பிடுது. யூனிபாரத்துல தனியா இருக்குதேன்னுதான் நம்பரக் கேட்டுக் கூப்பிட்டேன்."

பள்ளிக்குப் போன் செய்தேன். "கிளாஸ்லதாங்க இருப்பா, இருங்க பாத்துச் சொல்றேன்," என்று போன பெண்மணி திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. சமையல் கட்டுக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியின் பின்னாலேயே மகள் கேட்டைத் தாண்டி நடந்திருக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. நான் கேட்கும்வரை அவள் இல்லையென்பதே அங்கே தெரியாது.

வாடகைக் கார் பிடித்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பிரிவு வரைக்கும் வேகமாகப் போங்க என்றும் மெதுவாகப் போங்க என்றும் மாற்றி மாற்றிச் சொன்னேனாம். டிரைவர் பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை. பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். பேக்கரிக்காரம்மா எனக்கும் ஒரு டீ கொடுத்துக் குடித்தால்தான் விடுவேன் என்று நின்றார்.

கார் சேலத்தை நெருங்கும்போது அவள் சொன்னாள். "நானும் திரும்பிப் பாத்தேனுங்மா. நாலஞ்சு தடவ. ஒருத்தரும் வரல. அப்புறம் பாக்கறத உட்டுட்டேன்." பிறகு, "நீங்க சொன்னதுதாங் சரி," என்றாள்.

இப்படி ஒரு வெற்றி யாருக்கு வேண்டும்? தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் "என்னாச்சுங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

என் கணவர் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணறு போட அப்போது சத்தீஸ்கரில் இருந்தார். அவர் வந்து சேருவதற்குள் அவருடைய அக்கா போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பொம்மைப் படத்தச் சொல்லிச் சொல்லியே புள்ளைய ரோட்டுக்கு அனுப்பிட்டயே."

அதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. நான் சொல்லித்தான் போனாளா? நாவலை எடுத்து அந்த அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது பதினோரு வயதிலிருந்து தெரியும். அதைப் படித்துவிட்டுத் தெருமுனைவரைகூட அவள் தனியாகப் போனதில்லை. தன்னைப் பற்றி அவளால் கேட்க முடியாததை ஒரு சிவப்புக் குல்லாயைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அந்தத் தொடர் இல்லையென்றால் அந்த ஞாயிறும் "நல்லா இருக்கேனுங்மா" என்றே சொல்லி அனுப்பியிருப்பாள். நான் அதன் மீது பழி போட மாட்டேன்.

கணவர் வந்ததும் அவளைத் திட்டவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார். ஆனால் என்னிடம், அவள் காதிலும் விழும்படி, "ஒரு வாரம் ஊட்ல இருக்கட்டும். அப்புறம் கொண்டுபோய் உட்டுரலாம். பாதி வருசத்துல எடுத்தா எவன் சேத்துக்குவான்?" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள். பேக்கரியிலிருந்து வந்த போனைவிட அந்தத் தலையாட்டல் எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேறு எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹாலில் டிவியில் அந்த மலையிறங்கும் பகுதியை மகள் போட்டாள். முதல்முறையாகப் பார்க்கிறாள். கணவர் தட்டில் கறிச்சோற்றோடு சோபாவில் இருந்தார். சேனலை மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன், அவரும் பார்க்கத் தொடங்கினார். கால் புதையும் சத்தம் மட்டும் ஹால் முழுக்கக் கேட்டது.

"இந்தப் புள்ளையோட அப்பன் எங்க?" என்றார்.

"அவருதாங்ப்பா பாத்துட்டிருக்காரு."

"எங்க? ஆளையே காணோம்?"

"நாம பாக்கறோம்ல, இதுதாங் அவரு பாக்கறது. ஜன்னல்லிருந்து. அதனாலதாங் முதுகு மட்டும் தெரியுது." திரையின் ஓரத்தில் இருந்த ஒரு கறுப்புக் கோட்டைக் கைநீட்டிக் காட்டினாள். "இது ஜன்னல் சட்டம்."

நான் எழுந்து டிவியின் அருகே போய்ப் பார்த்தேன். ஜன்னல் சட்டம்தான். மூச்சுப் பட்டு கண்ணாடியின் ஒரு மூலை மங்கித் தெளிகிறது. நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது இல்லை எது இல்லை என்றே தேடிப் பார்த்த என் கண்ணில் இது படவேயில்லை. புத்தகம் எங்களைச் சிறுமியோடு நடக்க வைத்தது. இவர்கள் அப்பாவின் இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

"பாத்துட்டுச் சும்மா நிக்கறானா?" என்றார் கணவர்.

"கால் முறிஞ்சிருக்குதுங்ப்பா."

"கால் நல்லா இருந்திருந்தா?"

"போயிருப்பாருங்."

அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை. குல்லாய் மறையும் வரை தட்டை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஹாஸ்டல்ல இருக்கற பெட்டியெல்லாம் எடுத்துட்டு வரோணுமல்ல? நாளைக்கு நீயும் வாரயா, நான் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

வேறு பள்ளி எது என்பது அப்போதும் முடிவாகவில்லை. மகள் டிவியை நிறுத்தினாள். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, "அங்க பாத்ரூம்ல இருக்கற பச்சை பக்கெட்டும் என்னுதுதாங்ப்பா. மறந்துராதீங்க," என்றாள்.