நாற்பத்தேழா, ஒன்றா?

“நாப்பத்தாறு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும், அடுத்த மரம் கைக்கு எட்டும்வரை முந்தைய மரத்திலிருந்து கையை எடுக்கமாட்டார் ஊசிக்காரர். எடுத்தால் எண் நழுவிவிடுமாம். அடுத்தது தள்ளி நின்றால் தொப்பியைக் கழற்றி முந்தையதில் மாட்டிவிட்டுப் போவார். தொப்பியை எடுக்கத் திரும்பும்போது எண் மறந்துபோகும்.

சரிவில் வேலிக்குள் நிற்கும் ஊசியிலை மரங்களுக்கு அவர் காவலர். பத்தொன்பது வருடச் சர்வீஸ். இந்த இனம் உலகத்தில் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது: இந்தச் சரிவிலும் ஆற்றுக்கு அப்பால் இன்னொன்றிலும். ஊசிக்காரர் என்ற பட்டப்பெயரை மட்டும் கேட்டுவிட்டு, ஊசி போடும் ஆஸ்பத்திரி ஆள் என்று சட்டைக்கையை மடக்கி நின்ற புது அதிகாரியும் உண்டு.

ஏறும்போது எண்ணினால் நாற்பத்தேழு, இறங்கும்போது நாற்பத்தாறு. “ஏங்க, நம்ம வீட்ல எத்தன பேருன்னாவது நிச்சயமாத் தெரியுமா?” என்பார் மனைவி. வீட்டில் இவர்களும் ஒரே மகளும்தான்.

போன வாரம் அந்தக் குழப்பத்தையும் தூக்கிச் சாப்பிட ஒன்று வந்தது. ஒவ்வொரு மரத்திலும் சோதனைக்குக் குருத்து கிள்ளிப்போன ஆய்வாளர் அம்மா முடிவோடு திரும்பினார். கீழ்க்கிளை தாழ்ந்து மண்ணைத் தொடுகிறது, அங்கேயே வேர்விட்டு இன்னொன்றாக எழுகிறது. எல்லாமே ஒரே மரத்தின் உடம்பு. “அண்ணே, இது நாப்பத்தேழு இல்ல. ஒண்ணுதான்.”

பத்து மரமாவது இருந்தால்தான் வேலியும் காவலும். வெள்ளிக்கிழமை இலாகாவுக்குப் போகும் கணக்குப் படிவத்தில் ஒன்று என்று ஏறிவிட்டால், வேலியைப் பிடுங்கி அக்கரைச் சரிவுக்குக் கொண்டுபோவார்கள். பிறகு ஆடுகளுக்கு இரண்டு நாள் வேலை.

ஊசிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

“போன வருஷம் காத்துல ஒண்ணு விழுந்துச்சே மேடம், அது யாரு? செத்ததும் இதுதான், நிக்கிறதும் இதுதானா?”

ஆய்வாளர் தன் நோட்டில் விழுந்த மரத்தின் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்.

அன்று வீட்டில், மகள் அச்சு அசலாக உன்னைப்போலவே இருக்கிறாளே, உங்கள் இரண்டு பேரையும் ஒன்று என்று எழுதலாமா என்று மனைவியைக் கேட்டார்.

“அப்ப மூணு தட்டு எதுக்கு வைக்கிறேன்?” என்றார் மனைவி. அது நியாயமாகத்தான் பட்டது. ஆய்வாளர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் தொல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேலே போனார். முதல் மரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே, பாதி மண்ணில் புதைந்து ஓடியது அந்தக் கிளை. தொப்புள்கொடியை அறுப்பதுபோல் அறுத்துவிட்டால் இரண்டாகுமா? கத்தியை விரித்தார். அறுத்தாலும் சோதனையில் ஒன்றுதான் என்று அந்த அம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. காப்பாற்றுகிறோமா, கொல்லுகிறோமா என்றே விளங்கவில்லை. பயமாக இருந்தது. கத்தியை மடக்கினார்.

வேலியோரம் கடைசி மரத்தில், ஒரு கிளை மண்ணைத் தொட ஒரு சாண் குறைவாகத் தொங்கியது. அதை மெல்ல வளைத்து, மண்ணை அணைத்து, மேலே ஒரு கல்லை வைத்தார். தொப்பியை மரத்தில் மாட்டிவிட்டுக் கல்லின்மேல் கை வைத்தார். எண் எதுவும் வாயில் வரவில்லை. கையையும் எடுக்கவில்லை.