வாசற்கதவு திறக்கவே இல்லை

காலை ஆறரைக்கு எழுவேன். காபி போடுவேன். நேற்று காய்ந்த சட்டையை இஸ்திரி போடாமல் மாட்டிக்கொள்வேன். எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டி, நான்கு மாடி இறங்கி, பாரிஸின் லா ஷப்பல் மெட்ரோவுக்கு நடப்பேன். என் மனைவி சுஜாந்தி இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. காபிக் கோப்பை மட்டும் ஒன்று குறைந்தது.

நான் சேலத்துக்காரன். மென்பொருளில் பிழை தேடுவது வேலை. ஒருமுறை மட்டும் நடந்ததைப் பிழை என்று எழுத மாட்டேன். இது 2019 பிப்ரவரியில் நடந்தது. பலமுறை நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம்.

முதலில் சமையலறை ஜன்னல். வேலை முடிந்து வந்தால் திறந்திருந்தது. வெளியே உறையும் குளிர். பாலத்தின் மேல் மெட்ரோ போகும்போது எங்கள் கட்டடமே அதிரும். அதனால் இருக்கும் என்று மூடினேன். மறுநாள் சுஜாந்தியின் அலமாரி திறந்திருந்தது. ஒரு வருடமாக நான் அதைத் தொடவில்லை. உள்ளே ஒரு சால்வை மடிப்புக் கலைந்து கிடந்தது.

யாரோ வந்து போகிறார்கள்.

என் வீட்டுக்கு இன்னொரு சாவி உண்டு. அது புறநகர் செவ்ரானில், என் மாமியார் ரதிதேவியிடம். சுஜாந்தியின் தம்பி மயூரனும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன் கடையில் வேலை. என் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை.

அவனிடமே போய், கதவு திறந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

"கள்ளன் வந்தா என்னத்தை எடுக்கிறது அத்தான்? உங்கட குக்கரையோ?"

"நாலு குடு. ஒண்ணு அலமாரிக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அலுமாரிக்குமோ?"

சனிக்கிழமை அவனே வந்து ஒட்டித் தந்தான். ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்று சட்டத்தில். காந்தம் உள்ள மற்றது கதவில். இரண்டும் விலகினாலோ மறுபடி சேர்ந்தாலோ என் போனுக்குச் செய்தி வரும். வாசற்கதவு, படுக்கையறைக் கதவு, அலமாரி, சமையலறை ஜன்னல்.

"இனிப் பூனை வந்தாலும் உங்களுக்குத் தெரியும்" என்றான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போன் அதிர்ந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. அலமாரி திறந்தது. சமையலறை ஜன்னல் திறந்தது.

வாசற்கதவு பற்றி ஒன்றுமே இல்லை. காலையில் நான் வெளியே வந்ததுதான் அதன் கடைசிப் பதிவு.

வாசல் வழியாக வராமல் நான்காம் மாடிக்குள் யார் வர முடியும்? ஆனால் சென்சார் செயலியில் கணக்கைத் தொடங்கித் தந்தவன் மயூரன். அவன் போனிலிருந்தே ஒரு பதிவை நீக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழித்தேன். கடவுச்சொல்லை மாற்றி, நானே புதிதாக இணைத்தேன்.

மறுநாளும் அதே மூன்று செய்திகள். வாசற்கதவு இல்லை.

வேறொரு காந்தத்தைப் பிடித்து வாசல் சென்சாரை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அந்தக் குடும்பத்தோடு உறவு முடிந்துவிடும். பாரிஸில் எனக்கு வேறு யாரும் இல்லை. தெரிந்துதான் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுத் திவசம். மாமி மயூரனோடு வந்து சமைத்தார். சுஜாந்திக்குப் பிடித்த இடியப்பம், கத்தரிக்காய்ப் பால்கறி. இலையில் படைத்துவிட்டு, வழக்கப்படி மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர் வந்து சாப்பிடும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. நண்பகல் 12.20.

"சத்தம் போடாதேங்கோ" என்றார் மாமி.

"பக்கத்து வீட்டு மதாம் பொலிசைக் கூப்பிடப் போறா" என்று மயூரன் முணுமுணுத்தான்.

"வாயை மூடடா."

படிக்கட்டில் விளக்கு தானாக அணைந்தது. கதவில் எட்டிப் பார்க்கும் கண்ணாடித் துளை மட்டும் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தது.

12.24. போன் அதிர்ந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது.

மயூரனைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றான். கைகள் கட்டியிருந்தன.

அலமாரி திறந்தது...

மாமி கண்களை மூடியிருந்தார்.

படுக்கையறைக் கதவு மூடியது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

கதவின் அடியிலிருந்து குளிர்காற்று... என் கால்களில்.

பிறகு தரையில் ஒரு சத்தம். டக். டக். வாசலை நோக்கி.

நின்றது.

வெளிச்சப் புள்ளி இருண்டது.

யாரோ... உள்ளே இருந்து... எங்களைப் பார்த்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புள்ளி மறுபடி வெளுத்தது. மாமி மூன்று முறை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை. இலையில் எதுவும் தொடப்படவில்லை. சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. நான் படுக்கையறைக் கதவின் கைப்பிடியைத் திருப்பினேன். பூட்டியிருந்தது.

"அதை நான்தான் பூட்டினனான் அத்தான். படைக்க முதலே" என்றான் மயூரன். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "திறப்பு என்ர பொக்கற்றுக்கை கிடக்குது."

"ஏன் பூட்டினே?"

"அலுமாரிக்கும் சென்சார் கேட்டனீங்கள். நீங்களே திறந்துபோட்டு மறக்கிறியள் எண்டு நினைச்சம். அதுதான் பூட்டிப் பாத்தனான். அம்மா அழுதவ. நீங்கள் தனிய இருக்கிறது சரியில்லை எண்டு."

நான் அவனைச் சந்தேகித்தேன். அவன் என்னை.

அவன் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். உள்ளே அலமாரி திறந்திருந்தது.

மாலையில் பதிவுகளை வரிசையாகப் படித்தேன். அந்த வாரம் வாசற்கதவு திறந்தது ஒவ்வொன்றும் நான் போனது, நான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் மூவர். வெளியிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

கிளம்பும்போது மாமி என்னிடம் கேட்டார். "பிள்ளை கடைசியா என்ன சொன்னவள் தம்பி?"

ஆஸ்பத்திரியில் உங்களைத்தான் தேடினாள் என்றேன். அது உண்மையல்ல. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கண்ணே திறக்கவில்லை. அதற்கு முன், மாலையில் நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோதே பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள்.

அவள் உண்மையில் கடைசியாகப் பேசியது அன்று காலை. தலையிடி என்று படுத்திருந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டவா என்று வாசலில் நின்றபடி கேட்டேன். அறையிலிருந்து பதில் வந்தது.

"பூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஒரு இடமும் போகமாட்டன். உள்ளுக்கைதான் இருப்பன்."