நாலாம் மாடிக்கு மேல்

அந்தக் கட்டடத்தில் லிப்ட் இயக்குகிறவருக்கு அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அந்தப் பேரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'தீர்ப்பு'. வெள்ளிக்கிழமை எந்தப் படம் வந்தாலும் காலைக் காட்சிக்குப் போய்விடுவார். அன்று காலை மட்டும் வாட்ச்மேன் லிப்ட்டைப் பார்த்துக்கொள்வார். மத்தியானம் இரண்டு மணிக்கு இவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும், சாப்பிட்டுவிட்டு மேலே போகிற கூட்டம் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்கும்: "தீர்ப்பு என்ன அண்ணே?"

லிப்ட் ஆதிகாலத்து லிப்ட். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, முக்கல், முனகல். ஆறாம் மாடி போய்ச் சேர முழுசாக ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் மாடி தாண்டுவதற்குள் கதை. இரண்டில் நடிப்பு. மூன்று தாண்டுவதற்குள் போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும். பாதிப்பேர் நாலில் இறங்கிவிடுவார்கள், அரைகுறையாகக் கேட்டுவிட்டு யாரும் ஏமாறக் கூடாது, அதனால்தான். கீழே இறங்கும்போது மட்டும் வாய் திறக்க மாட்டார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறவனுக்குக் காது கேட்காது என்பது அவர் கட்சி.

"இடைவேளை நல்லா இருந்துச்சு. அதுலதான் படம் இல்ல. போகாதீங்க." இது ஒரு வாரம். "பாட்டு அஞ்சு. நாலுல கதாநாயகி மழையில நனையறா. அஞ்சாவதுல நமக்குச் சளி பிடிக்குது." இது இன்னொரு வாரம். நல்ல படம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "போங்க. ஆனா தனியாப் போங்க. கண்ணத் துடைக்கும்போது பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது." அவர் போ என்றால் கட்டடமே போகும்.

நாலாம் மாடியில் ஒரு வாரப் பத்திரிகை ஆபீஸ். அதில் ஒருவன் 'ஒரு நிமிட விமர்சனம்' எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தக் கதையில் மரியாதை கிடையாது, அவன் என்றே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்றால் தவறாமல் லிப்ட்டின் மூலையில் நிற்பான், கைப்பேசியில் என்னவோ தட்டிக்கொண்டு. அவன் என்ன தட்டுகிறான் என்று தீர்ப்பு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெள்ளை மனசு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்.

போன வருஷம் ஒரு படம். மகள் செத்ததும் அம்மா கத்துகிறாள், உருளுகிறாள், கால் மணி நேரம். தீர்ப்புக்குக் கோபம் வந்துவிட்டது. முதலாம் மாடியிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார். "மக போனா இப்படியா கத்துவாங்க? என் தங்கச்சி போன அன்னிக்கு எங்க அம்மா ஒரு சொட்டு அழல. கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருந்தாங்க, பொழுது சாயற வரைக்கும். படம் எடுத்தவனுக்கு அது தெரியல. போகாதீங்க." வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் தன் வீட்டை லிப்ட்டில் ஏற்றினார்.

மறுநாள் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிற்கிறார், கையில் அந்தப் பத்திரிகை. பக்கத்து வீட்டிலிருந்து வாரா வாரம் வாங்கிப் படிக்கிற பழக்கம் அவருக்கு.

"டேய், இங்க பாரேன். இந்த எழுத்துக்காரனோட அம்மாவும் அழலையாம். பாத்திரம் கழுவிக்கிட்டே இருந்தாளாம்."

தீர்ப்பு வாங்கிப் பார்த்தார். அவர் சொன்னது, ஒரு சொல் பிசகாமல். 'என் தங்கை இறந்த அன்று என் அம்மா' என்று, கீழே அவன் படத்தோடு. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "கல்நெஞ்சுக்காரின்னு சொந்தக்காரங்க பேசினாங்களே, ஞாபகம் இருக்கா? பெத்தவ அழாம நிக்கிறாளேன்னு. முப்பது வருஷமா நான் ஒருத்திதான் இப்படியோன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்டா. இன்னொருத்தியும் இருக்கா பாரு."

அம்மா அதைக் கத்தரித்து மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நினைத்துக்கொண்டால் கேட்பார்: "அந்த அம்மா இப்ப எப்படி இருக்காளோ?" தீர்ப்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். என்னவென்று சொல்வது?

பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துப் படித்தார். மூன்று வருஷம், அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தது. சளி பிடித்தது உட்பட. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஒரு திங்கட்கிழமை லிப்ட்டில் அவன் தனியாக மாட்டியபோது கேட்டார். அவன் சிரித்தான்.

"காத்துல விட்ட பேச்சுக்குப் பட்டா கேக்கறீங்களா? நாலு பேரு கேட்டத நாப்பதாயிரம் பேருகிட்டக் கொண்டுபோறேன். சந்தோஷப்படுங்க அண்ணே."

"மத்ததெல்லாம் எடுத்துக்கோ தம்பி. எங்க அம்மாவ எடுத்தியே."

"எந்த அம்மாவா இருந்தா என்ன, படிக்கிறவன் அழுதானா இல்லையா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து தீர்ப்புக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. வேறு யாராவதாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இவர் கறுவினார். மூன்று மாதம் முன்னால் எரிகிற வயிற்றில் அவன் எண்ணெயையும் ஊற்றினான். லிப்ட்டில் நின்றுகொண்டே போனில் சொல்கிறான்: "எல்லாத்தையும் சேர்த்துப் புத்தகமாப் போடறாங்க. முதல் பக்கம் அம்மா பாத்திரம் கழுவறதுதான். அட்டையிலயும் அதான்."

தங்கச்சியின் சாவு அவன் வீட்டுச் சாவாக அச்சில் ஏறப்போகிறது, அட்டைப் படத்தோடு. அது வரக் கூடாது. தலைகீழாக நின்றாவது தடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால்? எழுதினது எழுதினதுதான், புத்தகம் எப்படியும் வரும். படத்தைப் பற்றிப் பொய் சொல்லி மாட்டிவிடலாமா? அதற்கு அவர் நாக்கு வளையாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி கிடக்கட்டும், இவருக்கு ஒரு லிப்ட் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டு, சரியான படம் வரட்டும் என்று காத்திருந்தார்.

வந்தது. அண்ணன் தம்பி கதை. முதல் பாதி என்றால் அப்படி ஒரு முதல் பாதி. தம்பி ஆற்றில் போய்விடுகிறான், அண்ணன் அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறான், இடைவேளை. தீர்ப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தேநீர் குடித்துவிட்டு உள்ளே போனால், செத்த தம்பி குதிரையில் வருகிறான். அரை மணி கழித்து அவனைப் போலவே இன்னொருவன் ஒட்டகத்தில் வருகிறான். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து கப்பலில் ஆடுகிறார்கள். தியேட்டர் கைகொட்டிச் சிரித்தது. தீர்ப்பும் சிரித்தார், ஆனால் அவர் சிரித்தது வேறு காரணத்துக்கு.

இரண்டு மணி. ஏழு பேர் ஏறினார்கள். மூலையில் அவன், கைப்பேசியோடு.

"தீர்ப்பு என்ன அண்ணே?"

"அண்ணன் தம்பி கதை. தம்பிய ஆறு கொண்டுபோயிடுது." முதல் மாடி. "அந்தச் செருப்பக் கையில வச்சிக்கிட்டு அண்ணன் நிக்கிறான் பாருங்க, பத்து வருஷத்துல இப்படி ஒரு நடிப்ப நான் பார்க்கல." இரண்டு. "ஒரு வார்த்தை பேசல. தியேட்டர்ல மூச்சுச் சத்தம் கேட்டுச்சு." மூன்று. "நான் அழுதுட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதுட்டேன்."

நாலு. கம்பிக் கதவைத் திறந்தார். அவன் தட்டிக்கொண்டே இறங்கினான். தீர்ப்பு கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார், லிப்ட் மேலே நகர்ந்தது.

"இவ்வளவும் இடைவேளை வரைக்கும்," என்றார் தீர்ப்பு. "அதுக்கப்புறம் தம்பி குதிரையில வர்றான்."

ஆறாம் மாடி வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். குதிரை, ஒட்டகம், கப்பல் எல்லாம் கேட்டு முடித்து, இறங்கும்போது ஒரு கணம் நின்றார். "ஏன் அண்ணே, எப்பவும் மூணுக்குள்ள சொல்லிடுவீங்க. இன்னிக்கு நாலாம் மாடிக்கு மட்டும் வாய்தாவா?"

"அவங்க எழுதறவங்க. படத்தப் பார்த்துட்டுத்தானே எழுதுவாங்க?" என்றார் தீர்ப்பு. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டு இறங்கிப் போனார். அவனோடு நாலில் இறங்கின மற்ற இருவரும் மாலை வேலை முடிந்து லிப்ட் ஏறியபோது, இறங்கும்போது பேசாத மனுஷன் முதல் முறையாக முறையை மீறி, "போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவிகள் காசு ஏன் போக வேண்டும்.

சனிக்கிழமை இதழ் வந்தது. படம் பார்க்காதவன் அளவாகவாவது எழுதியிருக்கலாம். பேராசை. 'தம்பியை இழந்தவனின் மௌனத்தோடு படம் முடியும்போது, என் தங்கையும் அம்மாவும் கண்முன் வந்தார்கள். கடைசிக் காட்சி வரை யாரும் மூச்சு விடவில்லை' என்று தீட்டியிருந்தான். கப்பலில் மூன்று பேர் ஆடின ஆட்டத்தை ஊரே பார்த்திருந்தது. ஆபீஸ் போன் ஓயவில்லை. "ஐயா, உங்க தியேட்டர்ல ஒட்டகம் ஓடலையா?" என்று ஒருவர். "மௌனமா? எங்க காது இன்னும் அடைச்சிருக்கு" என்று இன்னொருவர். முதலாளி அவனைக் கூப்பிட்டு, எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி, ஒட்டகம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாராம். அவன் தியேட்டர் பேரிலேயே தடுமாறிவிட்டான். பழைய விமர்சனத்தையெல்லாம் தோண்டியதில், படம் பார்த்து எழுதினது ஒன்றுகூட இல்லை என்று தெரிந்து வேலையும் போயிற்று, புத்தகமும் நின்றது.

புதன்கிழமை சாயந்தரம் ஒரு அட்டைப் பெட்டியோடு லிப்ட்டில் ஏறினான். முகம் செத்துப் போயிருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. "அன்னிக்கு நாலுக்கு மேல போய் என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"காத்துல விட்டது தம்பி. யாரு கண்டா?" என்று சொல்லிக் கதவைத் திறந்தார் தீர்ப்பு. அப்பாடா! ஒரு வருஷமாக எரிந்த வயிறு குளிர்ந்தது. வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அம்மா சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு செருப்பைக் கழற்றக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். திருடினது, குதிரை, ஒட்டகம், அட்டைப் பெட்டி. அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அம்மா மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"அப்ப இந்த அம்மா?"

"அப்படி யாரும் இல்லம்மா. அது நீதான். உன்னத்தான் அவன் திருடினான். இனிமே யாரும் தொட முடியாது."

அம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஒருத்திதானாடா?"

அம்மா எழுந்து உள்ளே போனார். கவிழ்த்து வைத்திருந்த தட்டை எடுத்துக் குழாயைத் திறந்தார்.