கேட்கத் தயங்காத ஸ்டெல்லா

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி போனில் சொன்னார். அலுவலகக் கேன்டீனில் தட்டோடு நின்றிருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்க. சாயங்காலம் சர்ச்சுக்கு வந்துடுங்க" என்றார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அவர் வீட்டுக்குப் போனபோது, எங்களோடு புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற உங்களில் பலர் வாசலில் நின்றிருந்தீர்கள். அன்று பேச வராததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது கல்யாணமாகி ஒரு வருடம். வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள். அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவுக்கு நாள் குறிக்க மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர், கல்யாணம் ஆகாதவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கீமோ முடிந்து தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது.

"குழந்தை இருக்கா?"

"இல்லக்கா."

"கீமோவுல கருமுட்டை கெட்டுப்போகலாம். முன்னாடியே எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வைக்கலாம். நான் வெச்சிருக்கேன். உனக்குச் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. "அப்ப நீ கேளு. வெக்கப்பட்டுட்டு இருந்தா கீமோ ஆரம்பிச்சிடும்" என்றவர், டாக்டர் அறைக்குள் என்னோடு வந்தே விட்டார். கீமோவை இரண்டு வாரம் தள்ளலாம், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

"மொதல்ல உசுரு பொழைக்கட்டும்" என்றார் என் மாமியார். பயத்தில் சொன்னதுதான். ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கே வந்தார். "ஆன்ட்டி, பொழைக்கத்தான் கீமோ. பொழச்சப்புறம் இவ வாழணும்ல?"  அதன் பிறகு, கருமுட்டை வளர்வதற்கான ஊசி போட தினமும் என்னை ஆட்டோவில் அழைத்துப்போனது மாமியார்தான்.

சில வருடங்களில் ஸ்டெல்லாவுக்கு நோய் எலும்பில் திரும்பியது. இனி பிள்ளைப்பேறு இல்லை என்று தெரிந்ததும், சேமித்த கருமுட்டைகளை வைத்திருக்க வேண்டாம் என்று கருத்தரிப்பு மையத்தில் சொல்லப் போனார். துணைக்குப் போனேன். நன்றாக யோசித்தீர்களா என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள். யோசித்தாயிற்று என்று கன்னடத்திலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே டீ குடித்தோம். "வருத்தமா இருக்காக்கா?"

"இருக்கு. ஆனா எடுத்து வெச்சது வீண்னு நெனைக்கல. கீமோ ஏறுறப்ப, இதுக்கப்புறமும் ஒரு வாழ்க்கை இருக்குன்னு நம்பிப் படுத்திருந்தேன். அந்த நம்பிக்கை அப்ப தேவைப்பட்டுச்சு."

என் கருமுட்டைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. பிள்ளை வேண்டுமா என்று நானும் கணவரும் முடிவு செய்யவில்லை. சில நாள் ஆசையாக இருக்கிறது, சில நாள் பயமாக இருக்கிறது. எதுவானாலும் முடிவை நாங்கள் எடுப்போம். நோய் எங்களுக்காக எடுத்துவிடவில்லை. ஸ்டெல்லா அக்கா கொடுத்ததில் என்னிடம் இருப்பது இதுதான்.