கிழமைக்கு ஒரு சாமி

சின்ன வயதில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. காலையில் எழுந்ததும் அன்று என்ன கிழமை, எந்தச் சாமிக்கு விரதம் என்று அம்மாவுக்கு அறிவிக்க வேண்டும். யாரும் கொடுத்த வேலையில்லை, நானே எடுத்துக்கொண்டது. சம்பளம் கிடையாது. ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் நிலையாக இருந்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

அப்பா கடலூரில் செம்மங்குப்பம் பக்கம் ஒரு சாயக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். வெளிநாட்டில் ஏதோ மந்தமாம், சரக்கு எடுக்க ஆளில்லையாம். மூன்று ஷிப்ட் ஒன்றானது. கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அப்பா தினமும் சைக்கிளில் போய் கேட்டில் நிற்பார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளே கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அப்போது அவரிடம் பேசக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குப் பக்தி முற்றியது. முதலில் சனிக்கிழமை, பெருமாளுக்கு என்றாள். பிறகு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. அப்புறம் திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு. தீபாவளிக்குள் வியாழக்கிழமையும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கும் எனக்கும் சோறு போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு எட்ட உட்கார்ந்துகொள்வாள். சாயந்திரம் விளக்கேற்றிய பிறகு கொஞ்சம் கஞ்சி குடிப்பாள், அவ்வளவுதான்.

"நீயும் ஒரு வாய் சாப்புடேன்" என்பார் அப்பா.

"விரதங்க" என்பாள்.

அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இரண்டாம் முறை சோறு கேட்பதை அவர் எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. எங்கள் அம்மா அளவுக்கு யார் அம்மாவுக்கும் பக்தி கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

தை மாதத்தில் சிதம்பரத்திலிருந்த மாமா தன் பையனுக்குக் காதுகுத்து வைத்தார். மாமா அம்மாவுக்குத் தம்பி, மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பா வரவில்லை. பஸ்ஸில் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அப்பாவ யாராவது கேட்டா, டூட்டிக்குப் போயிருக்காருன்னு சொல்லு." கேட்ட எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். அதில் ஒரு பிசகும் இல்லை.

பந்தியில் அம்மா எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். கத்தரிக்காய் கொத்சு வாசனை ஆளைத் தூக்கியது. அம்மாவுக்கு அதென்றால் உயிர். சோற்றில் பிசைந்து, யாரோடும் பேசாமல், வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நாலாவது வாய்க்கு அவள் கை எழும்பும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா! இன்னிக்குத் திங்கக்கெழம! ஒனக்கு விரதம்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. கொத்சு வாளியோடு வந்த அத்தை, மாமாவின் மனைவி, நின்றுவிட்டாள். "விரதமா அண்ணி? சொல்லவே இல்லியே!"

"கூட்டத்துல மறந்தே போயிட்டேன்" என்றாள் அம்மா. எடுத்த பிடியை இலையில் வைத்தாள்.

"போனாப் போவுது, ஒக்காந்துட்டீங்க. சாப்புடுங்க."

அம்மாவின் கை சோற்றின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"வேணாம்மா, சாமி குத்தமாயிடும்" என்றேன்.

மாமா சிரித்தார். "எங்க அக்காவுக்குச் சாமின்னா ஜாஸ்திதான். பொண்ணு அவளயே மிஞ்சிடும் போல!"

அம்மாவும் சிரித்தாள். இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று அவள் என்னை அதட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நேர்ந்துகொண்டதையும் விட்டுவிட்டுச் சாப்பிடுகிற பசி என்ன பசியென்று தம்பி வீட்டில் யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். இப்போது நான் சம்பாதிக்கிறேன், வீட்டில் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்குத்தான் இரண்டு பிடிக்கு மேல் இறங்குவதில்லை. வயிற்றில் ஆறாத புண். கொத்சு பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு வந்த அன்று நான் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

காதுகுத்து அன்று அத்தை அம்மாவுக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தாள். பாலைக் குடித்துவிட்டுப் பழங்களை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது, பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடம் தாண்டியதும் எனக்குப் பசித்தது. ஒரு பழத்தை அப்பாவுக்கென்று வைத்துக்கொண்டு, மற்றதை உரித்து என்னிடம் தந்தாள்.

"நல்லவேள, ஞாபகப்படுத்துன" என்று என் தலையைத் தடவினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழத்தை மென்றுகொண்டே, என் உத்தியோகத்தில் குறை வைக்கக் கூடாதென்று சொன்னேன். "நாளைக்குச் செவ்வாக்கெழமம்மா. முருகனுக்கு. மறந்துடாத."